கையாட்டுகிற ஊர்

"இனிமே யாரும் ரயிலுக்குக் கையாட்டக் கூடாது."

ஜெம்மா இதைச் சொன்னபோது சேப்பல் கூடத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வெண்டி அப்படியே நின்றுவிட்டாள். அவள் கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தது. கோப்பை நிறைந்து, தட்டு நிறைந்து, மேசைவிரிப்பு நனைந்தது.  ஸ்கார்பெக் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான். கத்த மாட்டார்கள். பிஸ்கட்டை எடுத்துப் பார்ப்பார்கள், திருப்பி வைப்பார்கள்.

பின்வரிசையில் ஜெம்மாவின் அப்பா கிளிஃப் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். காலையில் சமையலறையில் நின்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"எது வேணா கேளு, ஜெம். பிளாட்பாரத்துல விளக்கு கேளு. ஓட்டை விழுந்த கூரையைக் கேளு. கையாட்டறத மட்டும் தொடாத."

"ஏன் தொடக்கூடாது?"

"மேவிஸ்" என்றார் அப்பா. அந்த ஒரு பெயரே காரணம், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போல ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போய்விட்டார்.

ஸ்கார்பெக் ஸ்டேஷன் என்று சொன்னால் ஒரே ஒரு பிளாட்பாரம், ஒரு பெஞ்சு, மூன்று பக்கம் சுவர் வைத்த ஒரு ஒதுங்கிடம், ஒன்பது பூத்தொட்டிகள், தொங்கும் பூக்கூடைகள் நான்கு. டிக்கெட் கொடுக்க ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு மொத்தம் நான்கு ரயில். அவையும் தாமாக நிற்காது. ஏறுகிறவர் பிளாட்பாரத்தில் நின்று பஸ்ஸை நிறுத்துவது போலக் கையை நீட்ட வேண்டும். நீட்டினால் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும். இதுதான் விதி. விதியை எழுதிய பலகையும் அங்கேயே இருக்கிறது. பரிசு வாங்கிய ஃபூஷியா பூக்கூடை அதற்கு நேர் முன்னால் தொங்குகிறது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மேவிஸின் கணவர் ஹாரல்ட் இறந்துபோனார். அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில், மேவிஸ் தன்னந்தனியாக பிளாட்பாரத்தில் நின்று போகிற ரயிலுக்குக் கையாட்டுவதை, ஸ்டேஷனை ஒட்டிய தன் தோட்டத்திலிருந்து ட்ரெவர் பார்த்தார். ஓட்டுநர் பதிலுக்குக் கையாட்டினான், விசில் அடித்தான். மறுநாளும் அதுவே நடந்தது. ட்ரெவருக்கு மனது கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரும் போய்ப் பக்கத்தில் நின்று ஆட்டினார். அடுத்த வாரம் வெண்டி வந்தாள். ஆறு மாதத்தில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டு வரிசை முழுக்க, காலை பத்து நாற்பதுக்கும் மாலை நாலு அஞ்சுக்கும் வாசலுக்கு வந்து பாத்திரம் துடைக்கிற துணியை வீசி ஆட்டத் தொடங்கிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. கிறிஸ்மஸ் சமயத்தில் ஓட்டுநர்கள் சிவப்புக் குல்லா போட்டுக்கொண்டு ஆட்டிப் போனார்கள். கையாட்டுவதற்கென்றே இருக்கிற ஊர் என்று பெயர் வாங்கியாயிற்று.

அந்த ரயிலில் ஏறுகிறவர்தான் ஒருவரும் இல்லை.

ஜெம்மாவுக்கு அது ஜூலை மாதம் உறைத்தது. கார்ன்டன் நகரத்தில் தண்ணீர் பரிசோதிக்கிற ஆய்வகத்தில் நேர்முகத் தேர்வு. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வேதியியல் பட்டத்தை மூன்று வருடம் வாடகை அறையில் டப்பா பீன்ஸைத் தின்று வாங்கியிருந்தாள். ஊருக்கு வந்த பஸ் சேவையை நிறுத்தி இரண்டு வருடமாகிவிட்டது. அப்பாவின் கார் விடிவதற்கு முன்பே கல்குவாரிக்குப் போய்விடும். இருக்கிற ஒரே வழி ஏழு நாற்பத்தெட்டு ரயில். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு பிளாட்பாரத்தின் நடுவில் நின்று வலது கையை நேராக நீட்டினாள்.

ஓட்டுநர் அவளைப் பார்த்தான். சிரித்தான். கையை உயர்த்தி ஆட்டினான். இரண்டு தடவை விசிலடித்துவிட்டுப் போய்விட்டான்.

பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடினாள். கடைசிப் பெட்டி வளைவில் மறைந்த பிறகு திரும்பிப் பார்த்தால், வேலிக்குப் பின்னால் ட்ரெவர் இரவு அங்கியோடு நின்று ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அழகான காலை, இல்லையா?" என்றார்.

ஆய்வகத்துக்காரர்கள் இரக்கப்பட்டு இன்னொரு நாள் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகாமல் காரில் கொண்டுபோய் விட்டார். வேலை கிடைத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை எட்டரைக்குச் சேர வேண்டும். முதல் மூன்று மாதத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தால் வேலை இல்லை என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

வேறு வழி ஒன்று இருந்தது. கார்ன்டனில் சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை. சம்பளத்தில் பாதியை அது விழுங்கும். ஜன்னலோரச் சுவரில் பூஞ்சை வேறு. வீட்டுக்காரி கூட்டம் நடக்கிற இந்தச் சனிக்கிழமையே மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தாள். ஜெம்மாவோடு பள்ளியில் படித்த அத்தனை பேரும் இப்படி ஓர் அறை எடுத்துத்தான் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. ஸ்கார்பெக்கின் மீது அவளுக்குப் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. ஆனால் படுக்கையிலிருந்து நாற்பதடி தூரத்தில் தினமும் ஒரு ரயில் போகும்போது, அது நிற்காது என்கிற ஒரே காரணத்துக்காகப் பூஞ்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏன் தூங்க வேண்டும் என்று நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேப்பல் கூடத்தில் முதலில் வாயைத் திறந்தது பெர்னார்ட். ஸ்டேஷன் நண்பர்கள் குழுவின் தலைவர். முப்பது வருடம் கசாப்புக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். பூத்தொட்டி எல்லாம் அவர் கைவண்ணம்.

"கண்ணு, இது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லையே."

"இருக்கு. நாலாவது. 'ரயில்'னு எழுதியிருக்கேன்."

"நான் அது பெஞ்சுக்குப் பெயின்ட் அடிக்கறதைப் பத்தின்னு நினைச்சேன்."

"பெயின்ட் மூணாவது. முக்கால் மணி நேரம் பேசினோம். பச்சைன்னு முடிவாச்சு."

"அடர்பச்சை" என்று யாரோ திருத்தினார்கள்.

ஜெம்மா குழுவின் செயலாளர். படித்த பெண் என்று சொல்லி ஆகஸ்ட் மாதம் கோப்புக்கட்டை அவள் கையில் திணித்திருந்தார்கள். அந்தக் கோப்பில், பூப்போட்டிச் சான்றிதழ்களுக்கு அடியில், ஏப்ரல் மாதம் ரயில்வேயிலிருந்து வந்த ஒரு கடிதம் கிடந்தது. அதை இப்போது உருவி எடுத்தாள்.

"இதைப் படிக்கவா, இல்ல நீங்களே சொல்றீங்களா, பெர்னார்ட்?"

பெர்னார்டின் கழுத்து சிவந்தது. "யாரையும் வருத்தப்பட வைக்க வேணாமேன்னுதான். அப்பத்தான் பூ சீசன் ஆரம்பிச்சிருந்தது."

அவளே படித்தாள். பதினான்கு மாதத்தில் ஸ்கார்பெக்கில் ரயிலை நிறுத்தும்படி ஒருவரும் கேட்டதாக ஓட்டுநர்கள் பதிவு செய்யவில்லை. இப்படியே போனால் டிசம்பர் கால அட்டவணையிலிருந்து இந்த நிறுத்தம் எடுக்கப்படும்.

"ஒருத்தரும் கேக்கலையா? இது வந்தப்புறம் ஜூலைல நான் கேட்டேன்" என்றாள் ஜெம்மா. "கைய நீட்டிக்கிட்டு நின்னேன். அவன் என்ன பண்ணுவான்? தினம் ரெண்டு வேளை இந்த ஊரே கையத் தூக்குது. இவங்க எல்லாம் சும்மா ஆட்டறவங்கன்னு அவனுக்குப் பழகிப்போச்சு. நானும் ஆட்டறேன்னு நினைச்சுட்டான்."

"எங்களுக்கு ரயில் மேல ஒரு பாசம்" என்றார் ட்ரெவர். அவர் காலடியில் அவருடைய கிழட்டு நாய் படுத்திருந்தது.

"பாசம் இருந்தா ஏறுங்க."

"அப்படிச் சொல்லாதே. கார் இருக்கே."

"சரி. இந்த வருஷம் ரயில்ல ஏறினவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. நாய் தும்மியது.

"தினமும் ரெண்டு தடவை தூக்கற கைதானே," என்றாள் ஜெம்மா, "இன்னிக்கு என்ன வந்தது?"

"யூனிவர்சிட்டிக்கு அனுப்பினா இப்படித்தான்," ட்ரெவர் பொதுவாகக் கூடத்தைப் பார்த்துச் சொன்னார், "நாளைக்கு மூச்சு விடறதுக்கும் படிவம் நிரப்பச் சொல்வாங்க."

"நிரப்பச் சொன்னாலும் நீங்க சான்றிதழுக்கு அடியிலதான் வைப்பீங்க."

வெண்டி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்னார்ட் பென்சிலால் மேசையைத் தட்டினார். குரலைத் தாழ்த்தி, ஜெம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கண்ணு, நீ யார் முன்னாடி இதைப் பேசறேன்னு யோசிச்சுப் பாத்தியா? மேவிஸ் இங்கதான் உக்காந்திருக்காங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. இரண்டாம் வரிசை ஓரத்தில் மேவிஸ். மடியில் கைப்பை, அதன்மேல் தேநீர்க் கோப்பை. பஞ்சு போன்ற தலைமுடி.  ட்ரெவரோடு சண்டை போடலாம், பெர்னார்டை வாயடைக்கலாம். கணவனைப் பறிகொடுத்த பெண்ணின் ஒரே ஆறுதலைப் பிடுங்குவதற்குத் தைரியம் பத்தாது, கல்நெஞ்சு வேண்டும். அது தனக்கு இருக்கிறதா என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெரியவில்லை.

"மேவிஸ், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "உங்களுக்கு அது என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா திங்கக்கிழமை எனக்கு ரயில் நிக்கணும். நிக்கலைன்னா என் வேலை போயிடும். டிசம்பருக்கு அப்புறம் யாருக்குமே நிக்காது. அதனால கேக்கறேன். கேக்கத்தான் போறேன்."

மேவிஸ் கோப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"நான் ஹாரல்டுக்காகக் கையாட்டல" என்றாள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அன்னிக்கு நான் கார்ன்டன் போறதுக்காக நின்னேன். என் தங்கச்சி ஈனா வீட்டுக்கு. ஒரு வாரம் வந்து இருன்னு கூப்பிட்டிருந்தா. பெட்டியெல்லாம் கட்டி பெஞ்சு மேல வெச்சிருந்தேன். கைய நீட்டினேன். அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே ஆட்டிட்டுப் போயிட்டான்."

"பெட்டியா? நான் பெட்டியைப் பாக்கலையே" என்றார் ட்ரெவர்.

"உங்க தோட்டத்துலேருந்து பெஞ்சு தெரியாது. புதுப் பையன் போலன்னு நினைச்சு மறுநாளும் போனேன். மறுநாளும் ஆட்டினான், விசில் வேற. அவ்வளவு சந்தோஷம் அவன் முகத்துல. நிறுத்துடான்னு சொல்ல எனக்கு வாய் வரல. மூணாவது நாள், இன்னிக்குக் கட்டாயம் ரெண்டு கையையும் நீட்டிடணும்னுதான் போனேன். நீங்க வந்து பக்கத்துல நின்னு ஆட்டினீங்க, ட்ரெவர். எனக்காக ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு வந்திருந்தீங்க. நான் ஆட்டலைங்க, ஏறத்தான் வந்தேன்னு உங்க மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

"மூணு வருஷமா?" என்றாள் வெண்டி.

"அப்புறம் நீ வந்தே. அப்புறம் பத்திரிகைக்காரங்க வந்தாங்க. நடுவுல எந்த நாள்ல சொல்லியிருக்கணும்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல."

"ஈனா?" என்று கேட்டாள் ஜெம்மா.

"நான் ஏதோ கோவிச்சுக்கிட்டேன்னு நினைச்சுட்டா. இப்ப கிறிஸ்மஸ் கார்டு மட்டும் வருது. கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பறா."

ட்ரெவர் நாயைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார். "எனக்கு வலது முட்டி தேஞ்சுபோச்சு, மேவிஸ். மூணு வருஷம் மழைல நின்னிருக்கேன்."

"நானும்தான் பக்கத்துலயே நின்னேன், ட்ரெவர்."

பின்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. ஜெம்மா திரும்பினாள். அப்பா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. முதலில் பயந்துபோனாள். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார். அது பக்கத்து நாற்காலிக்குத் தொற்றியது, அங்கிருந்து வெண்டிக்கு, கடைசியில் ட்ரெவருக்கே. மேவிஸ் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வருடமாகச் சுமந்த பெட்டியை இறக்கி வைத்தவள் போல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் பெர்னார்ட் மறுபடியும் தலைவராகிவிட்டார். இதை ஒரு தீர்மானமாக எழுத வேண்டும் என்றார். கையாட்டுவது என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும். பிளாட்பாரத்தில் ஆட்டுவதும் வாசலில் ஆட்டுவதும் ஒன்றா. குழந்தைகள் ஆட்டினால் என்ன செய்வது. துணி கொண்டு ஆட்டுவது தனிக் கணக்கா. மூன்று பேர் கொண்ட ஒரு துணைக்குழு அமைத்து அக்டோபர் கூட்டத்தில் அறிக்கை வைக்கலாம்.

"அக்டோபர்ல எனக்கு வேலை இருக்காது" என்றாள் ஜெம்மா.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஆட்டினா என்ன?" என்றார் ட்ரெவர்.

"ஞாயித்துக்கிழமை ரயிலே கிடையாது."

"அதனாலதான் சொல்றேன். யாருக்கும் இடைஞ்சல் இல்ல."

அதுவும் ஒரு யோசனைதான் என்று இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். பெர்னார்ட் அதைக் குறித்துக்கொள்ளும்படி செயலாளரிடம் சொன்னார். ஜெம்மா பேனாவை எடுத்தாள். எடுத்தவள் எழுதவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் மூன்று ஐம்பத்தாறு காட்டியது.

எந்தக் கூட்டமானாலும் மூன்று ஐம்பதுக்கு முடித்துவிடுவது குழுவின் வழக்கம். நாலு அஞ்சுக்கு அவரவர் வாசலில் துணியோடு நிற்க வேண்டுமே. இன்றைக்கு ஒருவருக்கும் அது நினைவில்லை. ஜெம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ட்ரெவர் இங்கே. வெண்டி இங்கே. கடைசி வீட்டு இரட்டைச் சகோதரிகள் இங்கே. தண்டவாள வரிசையில் கையாட்டுகிற அத்தனை பேரும் இந்தக் கூடத்துக்குள் உட்கார்ந்து துணைக்குழுவுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஸ்கார்பெக்கில் ஒரு வாசலிலும் ஆள் இல்லை.

பேனாவை மூடி பெர்னார்டின் முன்னால் வைத்தாள். கோப்புக்கட்டையும் வைத்தாள்.

"நீங்க ஓட்டெடுப்பு நடத்துங்க" என்றாள். "அவசரமே வேணாம். நல்லா விவாதிங்க. நாலு பத்து வரைக்கும் ஒருத்தரும் வெளிய மட்டும் வந்துடாதீங்க."

"நீ எங்க போற? யார் குறிப்பு எழுதறது?"

"போற வழியில அந்த ஃபூஷியாவைக் கழட்டி வைக்கறேன், பெர்னார்ட். பலகையை மறைக்குது."

"அது பரிசு வாங்கின செடி, கண்ணு."

"செடிக்கு ஒண்ணும் ஆகாது. பெஞ்சு மேல வைக்கறேன்."

பெர்னார்ட் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் இரண்டாம் வரிசையில் நாற்காலி நகர்ந்தது. மேவிஸ் எழுந்து கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இரு, வந்துடறேன். ஈனா சனிக்கிழமை சாயங்காலம் வீட்லதான் இருப்பா."

"பெட்டி வேணாமா?"

"வேணாம். போன தடவ பெட்டியோட போய்த்தான் இவ்வளவும் ஆச்சு."

ட்ரெவர் குனிந்து கோட்டின் மறு கையைப் பிடித்துக்கொடுத்தார். பெர்னார்ட் அதைப் பார்த்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "வெண்டி, அந்த ஜன்னல் திரையை இழுத்து விடு" என்றார். "ரயில் சத்தம் கேட்டா எனக்குக் கை தானா எழுந்துடும்."

கதவருகே அப்பா நின்றார். தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார். கண்ணில் சிரித்த ஈரம் இன்னும் இருந்தது, அதோடு கவலையும் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஜெம், அந்த ரூம்காரிக்கு ஆறு மணிக்குள்ள சொல்லணுமே. எதுக்கும் இது நிக்குதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணு. நிக்கலைன்னா..."

"காலைலயே வேணாம்னு சொல்லிட்டேன்பா."

"காலைலயா? இங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடியேவா?"

"கேக்கறதுக்கு முன்னாடியே."

அப்பா அவளை ஒரு முறை முழுசாகப் பார்த்தார்.  கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வெளியே கடற்கழியிலிருந்து காற்று அடித்தது. வரிசை வீடுகளின் வாசல்கள் வெறிச்சென்றிருந்தன. கொடியில் காயப்போட்ட துணிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஜெம்மா படியிறங்கும்போதே வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டாள். பின்னால் மேவிஸின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் தன்னோடு வந்து சேர்கிற அளவுக்கு நடையைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.